செல்வக் குடியிற் பிறந்த திரைக் கலைஞர்

முன்னோர் தேடிவைத்த பொருளை மேலும் பெருக்குதல் ஒரு வழி. அப்பொருள் தரும் கவலையின்மையைத் துணைக்கொண்டு தாம் விரும்பிய பணியிலே தலைப்படுதல் மற்றொரு வழி. இவ்விரண்டாம் வழியிற் சென்றவர் பிரேசில் நாட்டுத் திரைப்பட நெறியாளர் வோல்டர் சாலெஸ்.

இவர் 1956ஆம் ஆண்டிலே ரியோ டி ஜெனீரோ நகரிற் பிறந்தார். வணிகராகிய இவருடைய பாட்டனார் 1924இல் ஒரு சிறு வங்கியைத் தொடங்கினார். தந்தையார் அதனைப் பெருவங்கியாக வளர்த்ததுடன், 1961ஆம் ஆண்டு தொடக்கம் 1962 வரை நிதியமைச்சராகவும் பணியாற்றினார். அந்த யுனிபாங்கோ வங்கி 2008இல் இட்டாவு வங்கியுடன் இணைந்தது. அரஷா நகரில் நயோபியம் என்னும் உலோகத்தை அகழும் தொழிலும் இக்குடும்பத்துக்குச் செல்வம் சேர்த்தது. உருக்கிலே மிகச் சிறிதளவு கலந்தாலும் அதன் வலிமையைப் பெரிதும் உயர்த்த வல்லது இவ்வுலோகம்.

இத்தகைய குடியிற் பிறந்தவர் எவற்றைப் படமாக்கினார்? 1990இல் பிரேசில் அரசாங்கம் மக்களின் வங்கிச் சேமிப்புக்களை முடக்கியது. அச்செய்தி கேட்டு உயிர்விடும் ஒரு தாயையும், நாட்டைவிட்டு வெளியேறும் அவள் மகனையும், டானியேலா தோமஸ் என்பாருடன் இணைந்து 1995இல் இவர் திரையிலே காட்டினார். வங்கியாளரின் மைந்தர் வங்கியில் பணமிட்டவரின் துயரைச் சொன்னமை கருதத்தக்கது.

1998இல் பேர்லின் விழாவிலே தங்கக் கரடி விருது பெற்ற 'மத்திய நிலையம்' என்னும் படத்தில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தி புகையிரத நிலையத்தில் அமர்ந்து, எழுத்தறியாதோருக்குக் கூலிக்குக் கடிதம் எழுதுகிறாள். ஆனால், அவற்றுட் பலவற்றை அவள் அஞ்சலிற் சேர்ப்பதில்லை. தாயை இழந்த சிறுவன் ஒருவனின் தந்தையைத் தேடிச் செல்லும் நெடும் பயணமே அவள் நெஞ்சை நெகிழ்விக்கின்றது.

1971 சனவரியில் இராணுவ ஆட்சியினர் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் ரூபன்ஸ் பாய்வாவைக் கொண்டுசென்றனர், அவர் மீளவில்லை. அவருடைய மனைவி யூனிஸ் ஐந்து பிள்ளைகளை வளர்த்து, சட்டம் பயின்று, உண்மைக்காகப் போராடினார். கணவரின் மரணச் சான்றிதழ் அவர் கைக்கு வந்தது 1996இலேயே. இளமையில் அவ்வீட்டுக்குச் சென்று பழகிய சாலெஸ், அவ்வரலாற்றை 2024இற் படமாக்கினார். 2025இல் அது சிறந்த பிறநாட்டுப் படத்துக்குரிய ஒஸ்கார் விருதைப் பிரேசிலுக்கு முதன்முறையாகப் பெற்றுத் தந்தது.

செல்வர் ஒருவர் எளியோரின் துயரை உணர்தல் கூடுமோ என வினவுவோர் உளர். அவ்வினாவுக்குரிய விடை அக்கடிதம் எழுதும் ஆசிரியையிடம் உண்டு. எழுத்தறிந்தவள் என்பதனால் அவள் உயர்ந்தவள் ஆகிவிடவில்லை. பிறர் நம்பிச் சொன்ன சொல்லை உரிய இடத்திற் சேர்க்கத் துணிந்தபோதே உயர்ந்தாள். கல்விக்குரிய அக்கடன் செல்வத்துக்கும் உரியது.