50 வயது காருக்கு 'வின்டேஜ்' அந்தஸ்து உண்டு. அதே வயது லாரிக்கு?

பழைய லாரி ஒன்றை வாங்கிப் புதுப்பித்து வைத்துக்கொள்ள ஆசையா? வண்டியைத் தேடும் முன் சட்டத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வின்டேஜ் விதி என்ன சொல்கிறது?

2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைத் தாண்டிய, சொந்தப் பயன்பாட்டுக்கான டூவீலரும் காரும்தான் வின்டேஜ். புதிய பதிவுக்கு ₹20,000. பத்து ஆண்டுகள் செல்லும். கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் போட என சாலையில் எடுக்கலாம். தினமும் ஆபீஸுக்கு ஓட்ட முடியாது.

லாரி ஏன் இல்லை?

விதி சொல்வது எல்1, எல்2, எம்1 வகைகளை மட்டும். சரக்கு வாகனம் 'என்' வகை. ஆக, 1954ல் டைம்லர்-பென்ஸ் கூட்டணியில் ஜாம்ஷெட்பூரில் டாடா தயாரிக்கத் தொடங்கிய லாரிகளில் ஒன்று இன்று கிடைத்தாலும், சட்டத்துக்கு அது சாதாரண சரக்கு வண்டிதான். வருஷா வருஷம் எஃப்.சி. காட்டணும். மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 56ன்படி, எஃப்.சி. இல்லாவிட்டால் ஆர்.சி.யும் செல்லாது.

அப்போ என்னதான் வழி?

பதிவு கட்டாயம் என்பது வண்டியை ஓட்டுவதற்குத்தான்; அது பொது இடமானாலும் சரி, வேறு இடமானாலும் சரி. சொந்த இடத்தில் வைத்துப் புதுப்பிக்கலாம்; கண்காட்சிக்கு டிரெய்லரில் ஏற்றிப் போகலாம். வாங்கும் முன் வரி பாக்கி, கடன் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஓடாமல் நிற்கும் லாரியில் பிரேக் ரப்பர் இறுகும், டீசல் டேங்கில் தண்ணீர் சேரும், பம்ப் துருப்பிடிக்கும். அவ்வப்போது இன்ஜின் நன்றாகச் சூடாகும்வரை ஓட விடுங்கள்.

காருக்குக் கிடைத்த தனி வகை லாரிக்கும் வராதவரை, உரிமையாளருக்கு எளிதான முடிவு ஒன்றுதான்: எடைக்குப் போடுவது.