சுவரிலுள்ள தொலைபேசிப் பெட்டியும் ஒளியியல் நாரும்

மாணவர்களே, வெளியிலிருந்து வரும் தொலைபேசிக் கம்பி முன்விறாந்தையிலுள்ள ஒரு சிறிய பெட்டியில் முடிவதைப் பழைய வீடுகளில் அவதானித்திருப்பீர்கள். பல வீடுகளில் அது அங்கே முடிவதில்லை. படுக்கையறைக்கு ஒன்று, கடைப்பக்கத்துக்கு ஒன்று என்று பின்னாளில் கிளைகள் இழுக்கப்பட்டிருக்கும். அழைப்பு மணிக்குப் பாவித்த கம்பியின் மிச்சம்கூட அதற்குப் பயன்பட்டிருக்கும். இவ்வாறு நியமத்துக்கு அமையாமல் பொருத்திய பெட்டிகளிலும் பேச்சு தெளிவாகவே கேட்கும். ஆனால் அதே கம்பியில் இணையம் மட்டும் ஏன் தடுமாறுகிறது?

விடை மீடிறனில் உள்ளது. தொலைபேசியில் பேச்சுக்கு 300 முதல் 3400 ஹேர்ட்ஸ் வரையான வீச்சுப் போதும். ஏ.டி.எஸ்.எல்.2+ முறையோ அதே செப்புக் கம்பியில் ஏறத்தாழ 2.2 மெகாஹேர்ட்ஸ் வரை பாவிக்கிறது. இரண்டையும் பிரிப்பதற்காகவே தொலைபேசிக்கு முன்னால் வடிப்பி பொருத்தப்படுகிறது.

இப்போது, யாரும் பாவிக்காத 25 மீற்றர் கிளைக் கம்பியொன்று அந்தப் பெட்டியில் தொங்குவதாகக் கொள்வோம். செப்புக் கம்பியில் உயர்மீடிறன் சமிக்ஞை செக்கனுக்கு ஏறத்தாழ 20 கோடி மீற்றர் கதியில் செல்லும். கதி = மீடிறன் × அலைநீளம் என்பதால், 2 மெகாஹேர்ட்ஸ் அலையின் அலைநீளம் 100 மீற்றர். கிளைக்குள் நுழையும் அலை திறந்த முனையில் தெறித்துத் திரும்பிவர 50 மீற்றர் செல்கிறது. அது சரியாக அரை அலைநீளம். ஆகவே திரும்பி வரும் முடி, புதிதாக வரும் தாழியைச் சந்திக்கிறது. ஒன்றையொன்று அழிக்கின்றன. 2 மெகாஹேர்ட்ஸை அண்டிய பகுதி வலுவிழந்துவிடும். மொடெம் அப்பகுதியைக் கைவிட்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பேச்சு அலையின் நீளமோ பல கிலோமீற்றர். அதற்கு 25 மீற்றர் ஒரு பொருட்டன்று. "தொலைபேசி வேலை செய்கிறதே, கம்பியில் என்ன பிழை?" என்று வீட்டில் கேட்டால் இதைக் கூறுங்கள்.

கம்பி முறுக்கப்படாததாக இருப்பதும் தீங்கே. முறுக்கிய சோடியில் இரு கம்பிகளும் வெளி இரைச்சலைச் சமமாக ஏற்பதால் அது நீங்கிவிடும். இங்கே பிரித்தானிய உதாரணமொன்று பொருத்தமானது. அங்கு 1981 இலிருந்து பொருத்தப்பட்ட பெட்டிகளில் மணி ஒலிப்பதற்கென மூன்றாவது கம்பியொன்று கிளைப்பெட்டிகளுக்குச் சென்றது. சோடியில்லாத அக்கம்பி அலைவாங்கி போலத் தொழிற்பட்டு இரைச்சலைக் கொண்டுவந்தது. அதைக் கழற்றியதும் பல வீடுகளில் இணைய வேகம் கூடியது.

அதே நாட்டில் "நார்" என்று விற்கப்பட்ட சேவைகளில் ஒருவகை, தெருவோரப் பெட்டி வரையே நார் கொண்டது. அங்கிருந்து வீடு வரை பழைய செப்புக் கம்பிதான். அதில் பாவிக்கப்படும் வி.டி.எஸ்.எல்.2 முறை 17 மெகாஹேர்ட்ஸ் வரை செல்வதால், வீட்டுக்குள் உள்ள சிறு கிளையும் இடையூறாகும். ஆகவே "நார் இணைப்பு" என்று கேட்டதும் நீங்கள் கேட்க வேண்டிய முதல் வினா, நார் எதுவரை வருகிறது என்பதே.

நார் வீட்டுக்குள்ளேயே வந்தால் கதை வேறு. நாரின் அகணியின் முறிவுச்சுட்டி அதைச் சூழ்ந்த உறையினதைவிடச் சற்று அதிகம். அதனால் ஒளி முழு அகத்தெறிப்பு அடைந்து உள்ளேயே செல்கிறது. பரவலாகப் பாவிக்கப்படும் முறையொன்றில் ஒரே நாரில் 1490 நனோமீற்றர் ஒளி வீட்டை நோக்கியும், 1310 நனோமீற்றர் ஒளி வெளிநோக்கியும் செல்லும். மின் இரைச்சல் ஒளியைத் தீண்டாது. பழைய பெட்டிகளுக்கு இணையத்தில் இனிப் பங்கில்லை. ஆனால் நாரைக் கதவு மூலையில் மடித்து ஆணி அடிக்காதீர்கள். கூரிய வளைவில் படுகோணம் அவதிக்கோணத்தைவிடக் குறைந்து ஒளி வெளியேறிவிடும்.

பழைய கிளைகளைப் புதிய கருவியின் தொலைபேசித் துளையுடன் இணைக்க விரும்பினால், முதலில் வெளியிலிருந்து வரும் செப்புக் கம்பியைத் துண்டிக்கச் செய்ய வேண்டும். அதில் ஏறத்தாழ 48 வோல்ற்று இருக்கலாம். கருவி பழுதடையும்.

இன்னொன்றையும் வீட்டாருக்குச் சொல்லுங்கள். அந்த 48 வோல்ற்று தொலைபேசி நிலையத்திலிருந்து வருவதால் மின்வெட்டிலும் சாதாரண தொலைபேசி வேலை செய்யும். நார் இணைப்பின் கருவிக்கோ வீட்டு மின்சாரம் வேண்டும். 2022 மார்ச்சில் நமது நாட்டில் 13 மணித்தியால மின்வெட்டு அறிவிக்கப்பட்டதை நினைவுகூருங்கள். மின்கலத் துணை இல்லாத வீட்டில் அவ்வேளை அம்புலன்சை அழைக்கக் கைத்தொலைபேசியே எஞ்சும். அதுவும் மின்னேற்றப்பட்டிருந்தால்.

பயிற்சி: ஒரு வீட்டில் 12.5 மீற்றர் நீளமான பாவனையற்ற கிளைக் கம்பி உள்ளது. முதலில் வலுவிழக்கும் மீடிறன் யாது? அங்கு ஏ.டி.எஸ்.எல்.2+ ஐவிட வி.டி.எஸ்.எல்.2 கூடுதலாகப் பாதிக்கப்படுவது ஏன்?

விடை: 4 மெகாஹேர்ட்ஸ். அது ஏ.டி.எஸ்.எல்.2+ இன் 2.2 மெகாஹேர்ட்ஸ் எல்லைக்கு வெளியேயும் வி.டி.எஸ்.எல்.2 இன் வீச்சுக்கு உள்ளேயும் உள்ளது.