வீட்டு பிரிண்டரில் ஒரு சாண்ட்ரோ கார்

புதிதாகக் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வாங்கியவர்கள் முதல் மாதம் என்ன செய்வார்கள்? போட்டோக்களை அச்செடுப்பார்கள். பிள்ளைகளின் பள்ளி புராஜெக்டை அச்செடுப்பார்கள். பிறகு பிரிண்டர் மூலையில் தூசி படிந்து கிடக்கும். அதே பிரிண்டரைக் கொண்டு, நிஜக் காரின் அளவுகளுக்குச் சரியாக ஒரு மாடல் கார் செய்யலாம். எப்படி என்று பார்ப்போம்.

எங்கள் வீடு ஸ்ரீபெரும்புதூர் பக்கம். ஒரகடம் சாலையில் புதுக் கார்களை அடுக்கிச் செல்லும் டிரெய்லர் லாரிகளைப் பார்த்தே வளர்ந்தவன் நான். என் மாமா இருங்காட்டுக்கோட்டை கார் தொழிற்சாலையின் பெயிண்ட் ஷாப்பில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற வாரத்தில் என்னிடம், "நாங்க பெயிண்ட் அடிச்ச சாண்ட்ரோ எல்லாம் ஒவ்வொண்ணா பழைய இரும்புக் கடைக்குப் போகுது மாப்ளே. ஒண்ணாவது ஷெல்ஃபுல இருக்கணும்" என்றார். சாண்ட்ரோ 1998-ல் அங்கிருந்து வெளிவந்த கார். பழைய சாண்ட்ரோவின் தயாரிப்பு 2014-ல் நின்றது. அதே பெயரில் 2018-ல் வந்த புதிய கார் 2022-ல் நிறுத்தப்பட்டது.

மாடல் கார் கிட் கட்டுவது என் பொழுதுபோக்கு. எனவே "வாங்கித் தருகிறேன் மாமா" என்று சொல்லிவிட்டேன். தேடினால் சாண்ட்ரோவுக்குக் கிட் கிடைக்கவில்லை. கடைகளில் கிடைக்கும் டாமியா, ரெவெல், ஹசெகாவா போன்ற நிறுவனங்களின் கிட்கள் பெரும்பாலும் ஜப்பான், ஐரோப்பா, அமெரிக்கக் கார்களுக்கானவை. நம் ஊர்க் கார் வேண்டும் என்றால் நாமேதான் செய்ய வேண்டும்.

கிட் என்றால் என்ன?: பிளாஸ்டிக் சட்டத்தில் காய்கள் போல் ஒட்டிக்கொண்டிருக்கும் உதிரி பாகங்களின் பெட்டிதான் கிட். பாகங்களை நிப்பரால் வெட்டி எடுத்து, உப்புத்தாளால் தேய்த்து, பசையால் ஒட்டி, பெயிண்ட் அடித்து நாமே காரை உருவாக்க வேண்டும். நிறத்தை மாற்றுவது, சக்கரத்தை மாற்றுவது, நம்பர் பிளேட் வைப்பது எல்லாம் நம் விருப்பம். இதைத்தான் கஸ்டமைஸ் செய்வது என்கிறார்கள்.

ஸ்கேல் கணக்கு: கிட் பெட்டியின் மீது 1:24 என்று இருந்தால், நிஜக் காரின் 24 மி.மீ. மாடலில் 1 மி.மீ. ஆகும் என்று பொருள். 1:18 இதைவிடப் பெரியது. 1:43, 1:64 ஆகியவை சிறியவை. ஒரகடம் வட்டாரத்தில் பைக் தயாரிக்கும் ராயல் என்ஃபீல்ட் நிறுவனம், 2022-ல் தன் கிளாசிக் பைக்கை 1:3 ஸ்கேலில் மாடலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இப்போது கால்குலேட்டரைத் திறந்துகொள்ளுங்கள். 2003-ல் வந்த சாண்ட்ரோ ஜிங் காரின் நீளம் 3565 மி.மீ., அகலம் 1525 மி.மீ., உயரம் 1590 மி.மீ., முன் சக்கரத்திற்கும் பின் சக்கரத்திற்கும் இடைவெளி 2380 மி.மீ. ஒவ்வொன்றையும் 24-ஆல் வகுத்தால் கிடைப்பவை:

நீளம் 148.5 மி.மீ.
அகலம் 63.5 மி.மீ.
உயரம் 66.3 மி.மீ.
சக்கர இடைவெளி 99.2 மி.மீ.

சக்கரத்தின் உயரம் தெரியாதே என்கிறீர்களா? டயரிலேயே எழுதியிருக்கிறது. 155/70 ஆர்13 என்றால் டயரின் அகலம் 155 மி.மீ.; பக்கச் சுவர் அதில் 70 சதவீதம், அதாவது 108.5 மி.மீ.; உள்ளே உள்ள வளையம் 13 அங்குலம், அதாவது 330.2 மி.மீ. பக்கச் சுவர் மேலும் கீழும் இருப்பதால் இரண்டு முறை கூட்டினால் 547.2 மி.மீ. 24-ஆல் வகுத்தால் 22.8 மி.மீ. பழைய 1:24 கிட் ஒன்றில் எனக்கு 23 மி.மீ. சக்கரங்கள் கிடைத்தன. அவை போதும்.

அளவெடுப்பதற்காக இதைவிட அதிகம் செய்தவர்கள் உண்டு. 1976-ல் 1:12 போர்ஷே 934 கிட்டை வெளியிட்ட ஜப்பானின் டாமியா நிறுவனம், அதற்காக ஒரு நிஜ போர்ஷே 911 காரையே விலைக்கு வாங்கிப் பிரித்துப் பார்த்தது. நமக்குத் தெருவில் நிற்கும் காரும் ஒரு டேப்பும் போதும்.

போட்டோ எடுக்கும் முறை: காரைப் பக்கவாட்டில் போட்டோ எடுங்கள். அருகில் நின்று எடுத்தால் நடுப்பகுதி பெரிதாகவும் ஓரங்கள் சுருங்கியும் தெரியும். பதினைந்து மீட்டர் தள்ளி, கதவுக்கு நேராக நின்று ஜூம் செய்து எடுக்கவும். கம்ப்யூட்டருக்கு மாற்றிய பின் பெயிண்ட் புரோகிராமில் திறந்து, இரு பம்பர்களின் நுனியோடு ஒட்டி கிராப் செய்திடவும். இது முக்கியம். காருக்கு வெளியே இடம் விட்டால், அந்த இடமும் நீளக் கணக்கில் சேர்ந்துவிடும்.

வரைவதற்கு இலவச புரோகிராம்: இங்க்ஸ்கேப் என்ற புரோகிராம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இதை நிறுவித் திறந்தவுடன் பைல் மெனுவில் டாகுமெண்ட் பிராப்பர்டீஸ் சென்று, பக்கம் ஏ4 எனவும் அளவு மில்லிமீட்டர் எனவும் அமைத்திடவும். பிறகு கண்ட்ரோல் + ஐ அழுத்தி போட்டோவை உள்ளே கொண்டு வரவும். மேலே அகலத்திற்கான கட்டம் இருக்கும். அதன் அருகில் உள்ள பூட்டுப் படத்தில் கிளிக் செய்துவிட்டு, 148.5 என்று டைப் செய்து என்டர் அழுத்தினால் உயரமும் தானாக மாறிவிடும். உயரம் 66-க்கு அருகில் வந்தால் போட்டோ சரி. வெகுவாக மாறியிருந்தால் போட்டோவை மறுபடி எடுங்கள்.

இனி போட்டோவின் மீது பேனா டூலால் காரின் வெளிக்கோடு, ஜன்னல்கள், சக்கர வளைவுகள் ஆகியவற்றை வரைந்துகொள்ளவும். சக்கர வளைவின் விட்டம் 24 மி.மீ. இருக்கட்டும். முன்பக்கம், பின்பக்கத்திற்கும் இதே முறைதான். அகலம் மட்டும் 63.5. காகிதத்தின் ஓர் ஓரத்தில் 50 மி.மீ. சதுரம் ஒன்றையும் வரைந்துவிடுங்கள். அது எதற்கு என்று அடுத்துச் சொல்கிறேன். முடிந்ததும் பி.டி.எப். பைலாகச் சேமிக்கவும்.

நான் ஏமாந்த இடம்: முதல் முறை நான் அந்தச் சதுரத்தை வரையவில்லை. பி.டி.எப். பைலைத் திறந்து, பிரிண்ட் கட்டளை கொடுத்து, அட்டையில் ஒட்டி, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து பாடியைக் கட்டி முடித்தேன். காரின் அடித்தட்டை மட்டும் ஸ்கேல் வைத்து அளந்து தனியாக வெட்டியிருந்தேன். பாடியை அதன் மேல் வைத்தால் சக்கரங்கள் வளைவுக்குள் வரவில்லை. அளந்து பார்த்தேன். கார் 142.6 மி.மீ. தான் இருந்தது. சக்கர இடைவெளி 99.2-க்குப் பதில் 95.2!

காரணம், பிரிண்ட் விண்டோவில் இருந்த "பிட்" என்ற தேர்வு. பிரிண்டரால் காகிதத்தின் விளிம்பு வரை அச்சிட முடியாது. அதனால் முழுப் பக்கமும் உள்ளே அடங்கும்படி படத்தைச் சற்றே சுருக்கிவிடுகிறது. கடிதத்திற்கு இது உதவி; நமக்கு உபத்திரவம். என் படம் 96 சதவீதமாகச் சுருங்கியிருந்தது. கணக்குப் போட்டால் 1:24 கார் 1:25 ஆகிவிட்டது. அமெரிக்கக் கிட்கள் பல 1:25-ல்தான் வருகின்றன என்பதால் அது தவறான ஸ்கேல் அல்ல. ஆனால் என்னிடம் இருந்தவை 1:24 சக்கரங்கள்!

எனவே பிரிண்ட் விண்டோவில் "ஆக்சுவல் சைஸ்" அல்லது "100%" என்பதையே தேர்ந்தெடுக்கவும். முதலில் சாதாரணத் தாளில் அச்செடுத்து, ஓரத்தில் உள்ள சதுரத்தை ஸ்கேலால் அளக்கவும். சரியாக 50 மி.மீ. இருந்தால் மட்டும் கத்தியை எடுக்கலாம். திரையில் தெரியும் உருவத்தை நம்ப வேண்டாம். ஜூமை மாற்றினால் அதுவும் மாறும்.

பாடி கட்டுதல்: சாண்ட்ரோ உயரமான, பெட்டி போன்ற கார் என்பதால் அட்டைக்கு ஏற்றது. அரை மி.மீ. தடிமன் அட்டையில் இரண்டு பக்கங்களையும் வெட்டி, நடுவில் ஐந்து குறுக்குத் தட்டுகளை ஒட்டவும். இரண்டு பக்க அட்டையும் சேர்ந்து 1 மி.மீ. ஆவதால், குறுக்குத் தட்டின் அகலம் 62.5 மி.மீ. தான் இருக்க வேண்டும். பானெட் முதல் பின்கதவு வரை மேலே ஒட்டும் பட்டையின் நீளத்தை, வளைவின் மீது ஒரு நூலை வைத்து அளக்கலாம். கட்டி முடித்ததும் தண்ணீர் போன்ற சூப்பர் குளூவை அட்டையில் ஊற விட்டால் அது பிளாஸ்டிக் போல் இறுகும். பிறகு 400, 800 எண் உப்புத்தாள்களால் தேய்க்கலாம். ஜன்னல் பிளாஸ்டிக்கை ஒட்ட மட்டும் சூப்பர் குளூ கூடாது. அதன் ஆவி பட்டு வெண்மையாகப் புகை படியும். அங்கே பெவிகால் போதும். சூப்பர் குளூவையும் ஸ்பிரே பெயிண்டையும் காற்றோட்டமான இடத்தில், முகமூடி அணிந்து பயன்படுத்தவும். கத்தி வேலையைக் குழந்தைகளிடம் கொடுக்க வேண்டாம்.

பெயிண்ட்: இங்கே மாமாதான் ஆசிரியர். நிஜக் காரின் பெயிண்ட் எல்லாப் பூச்சும் சேர்ந்து சுமார் 100 மைக்ரான், அதாவது ஒரு மி.மீ.யில் பத்தில் ஒரு பங்கு. 24-ஆல் வகுத்தால் 4 மைக்ரான். அவ்வளவு மெல்லியதாக வீட்டில் அடிக்க முடியாது. ஆகவே பிரைமரும் நிறமும் எவ்வளவு மெல்லியதாக முடியுமோ அவ்வளவு மெல்லியதாக, பல தடவை, காயவிட்டுக் காயவிட்டு அடிக்க வேண்டும். ஒரே தடவையில் அடித்தால் கதவுக் கோடுகள் மூடிப் போகும். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் அடிக்காதீர்கள். காற்றின் ஈரம் பட்டு பெயிண்ட் வெளுத்துவிடும்.

நம்பர் பிளேட்: நிஜப் பிளேட் 500 x 120 மி.மீ.; மாடலில் 20.8 x 5 மி.மீ. எழுத்தின் உயரம் 65 மி.மீ.; மாடலில் 2.7 மி.மீ. இங்க்ஸ்கேப்பிலேயே வரைந்து போட்டோ பேப்பரில் அச்சிட்டு ஒட்டலாம். காஞ்சிபுரம் வண்டி என்பதால் டிஎன் 21 என்று தொடங்கி, மாமா வேலைக்குச் சேர்ந்த வருடமான 1999-ஐ எண்ணாக வைத்தேன். கண்ணாடியில் ஒட்டும் எழுத்துகளுக்கு, தண்ணீரில் நனைத்து ஒட்டும் டெக்கால் பேப்பர் கிடைக்கிறது. இங்க்ஜெட்டில் அச்சிட்டால், நனைக்கும் முன் அதன் மேல் கிளியர் ஸ்பிரே அடித்துக் காயவிட வேண்டும். இல்லையென்றால் மை கரைந்துவிடும். வீட்டு பிரிண்டர்கள் வெள்ளை நிறத்தை அச்சிடா என்பதையும் நினைவில் வைக்கவும்.

இரண்டாவது காரை மாமாவிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நிறம் சரி. கதவு இடுக்கு ஏன் இவ்ளோ அகலம்? லைன்ல இப்படி வந்தா திருப்பி அனுப்பிடுவாங்க" என்றார். நிஜக் காரில் அந்த இடுக்கு 4 மி.மீ. என்றால் மாடலில் 0.17 மி.மீ. தான் வர வேண்டும். என் கத்தி போட்ட கோடு அரை மி.மீ. கணக்கில் அது நிஜக் காரில் 12 மி.மீ. இடுக்கு! எல்லாவற்றையும் 24-ஆல் வகுக்கலாம். கையை வகுக்க முடியாது. இப்போது மூன்றாவது காரில் அந்தக் கோட்டை வெட்டாமல், கூரான பென்சிலால் வரைந்திருக்கிறேன். இரண்டாவது காரைத் திருப்பிக் கேட்டேன். மாமா தரவில்லை.

நீங்கள் இன்றே கார் செய்ய வேண்டியதில்லை. ஒரு 50 மி.மீ. சதுரம் வரைந்து அச்செடுத்து அளந்து பாருங்கள். உங்கள் பிரிண்டர் உண்மை சொல்கிறதா என்று தெரிந்துவிடும். மற்றவை ஞாயிற்றுக்கிழமைகளில்.