கடற்பாசியும் கல்ச்சர் தட்டும்: பள்ளி உயிரியல், மீண்டும் ஒருமுறை

“காயத்தின் சீழ் ஆய்வகத்திற்கு அனுப்பப்பட்டுள்ளது, கல்ச்சர் முடிவு வர இரண்டு மூன்று நாள்கள் ஆகும்” என்று மருத்துவர் கூறும்போது, உடனிருப்போரின் முகம் வாடிவிடுகிறது. இரத்தப் பரிசோதனை முடிவு சில மணி நேரத்தில் கிடைக்கும்போது இதற்கு மட்டும் ஏன் இத்தனை நாள் என்னும் கேள்வி நியாயமானதே. அதற்கான விடை, பள்ளியில் நாம் படித்து மறந்த உயிரியல் பாடத்தில் இருக்கிறது. விடையின் ஒரு பகுதி நம் மண்டபம், பாம்பன் கடலிலும் இருக்கிறது.

முதற்பாடம் வகைப்பாடு. பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பவை உறவால் வேறாக இருக்கலாம். மன்னார் வளைகுடாவில் வாழும் ஆவுளியா, மீனைப்போல் நீந்தினாலும் மீன் அன்று. குட்டியீன்று பாலூட்டும் விலங்கு. அதன் நெருங்கிய நில உறவு யானை. அது மேயும் கடற்புல், பாசி அன்று; பூக்கும் தாவரம். பாறைபோல் தோன்றும் பவளமோ விலங்கு. சுவீடன் நாட்டு லின்னேயஸ் வகுத்த இருசொற்பெயரிடும் முறையும், 1969-இல் விட்டேக்கர் முன்வைத்த ஐந்துலகப் பகுப்பும் இத்தகைய மயக்கங்களைத் தீர்க்க உதவின. மொனிரா, புரோட்டிஸ்டா, பூஞ்சைகள், தாவரங்கள், விலங்குகள் என்னும் அந்த ஐந்து உலகங்களுள் பாக்டீரியாவின் இடம் மொனிரா. வைரஸ் இந்த ஐந்தினுள் எதிலும் அடங்காது.

இப்பாகுபாடு தேர்வு மதிப்பெண்ணுக்கு மட்டும் உரியதன்று. ஆன்டிபயாடிக் மருந்துகள் பாக்டீரியாவின் உடலமைப்பைத் தாக்குபவை. பெனிசிலின், பாக்டீரியாவின் செல்சுவர் உருவாவதைத் தடுக்கிறது. வைரசுக்குச் செல்லும் இல்லை, செல்சுவரும் இல்லை. ஆகவே சளிக்கும் டெங்குவிற்கும் அம்மருந்தால் பயனில்லை. பூஞ்சைத் தொற்றுக்கு வேறு மருந்து வேண்டும். பகைவன் எந்த உலகத்தைச் சேர்ந்தவன் என்று அறிவதே மருத்துவத்தின் முதற்படி.

அதை அறிவதற்குத்தான் கல்ச்சர் பரிசோதனை. கண்ணுக்குத் தெரியாத ஒரு பாக்டீரியாவை, கண்ணுக்குத் தெரியும் கூட்டமாக வளர்க்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியில் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தினர் இதற்கு ஜெலட்டினைப் பயன்படுத்தினர். உடல் வெப்பமான 37 டிகிரியில் அது உருகிவிட்டது. அங்குப் பணியாற்றிய ஒருவரின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸி, சமையலில் தாம் பயன்படுத்திய அகார் என்னும் பொருளை 1881-இல் பரிந்துரைத்தார். ஒருமுறை உறைந்த அகார், 37 டிகிரியில் உருகாது. இன்றும் உலகெங்கும் ஆய்வகத் தட்டுகளில் இருப்பது அதுவே.

அகார் செந்நிறக் கடற்பாசிகளிலிருந்து எடுக்கப்படுகிறது. நம் கடற்கரைப் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் அகார் தரும் பாசியே. தட்டில் பாக்டீரியா கூட்டமாக வளர ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று சோதிக்க மேலும் ஒரு நாள் தேவைப்படும். நோய் கடுமையாக இருப்பின் மருத்துவர் முடிவுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்கிவிடுவார். முடிவு வந்தபின் தேவையெனில் மாற்றுவார். ஆகவே நடுவில் மருந்து மாறினால் அஞ்ச வேண்டியதில்லை.

இரண்டாம் பாடம் சூழ்மண்டலம். ஓரிடத்து உயிர்களும் நீர், மண், ஒளி போன்ற உயிரற்றவையும் ஒன்றையொன்று சார்ந்திருக்கும் அமைப்பு அது. 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகளும் கடற்புல் வெளிகளும் உள்ளன. கடற்புல் மீன்குஞ்சுகளுக்குப் புகலிடம். அதன் பயன் அத்துடன் நிற்பதில்லை. இந்தோனேசியத் தீவுகளில் நடைபெற்று 2017-இல் வெளியான ஆய்வொன்றில், கடற்புல் உள்ள இடங்களில் நோய் விளைவிக்கவல்ல பாக்டீரியாக்கள், அது இல்லாத இடங்களைவிட ஏறத்தாழப் பாதியாக இருந்தன.

நம் குடலும் ஒரு சூழ்மண்டலமே. அங்கு வாழும் எண்ணற்ற நல்ல பாக்டீரியாக்கள் செரிமானத்திற்கு உதவுகின்றன. தீயவை குடியேறாமல் இடத்தைக் காக்கின்றன. ஆன்டிபயாடிக் நல்லவற்றையும் சேர்த்து அழிப்பதால் சிலருக்கு வயிற்றுப்போக்கு உண்டாகிறது. அப்போது மருந்தைத் தாமாக நிறுத்தாமல், உடனே செவிலியரிடமோ மருத்துவரிடமோ தெரிவியுங்கள்.

மூன்றாம் பாடம் நுண்ணுயிர். கடலில் இயல்பாக வாழும் பாக்டீரியாக்களுள் விப்ரியோ ஓர் இனம். காலரா நோய்க்கிருமியும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. காலராவின் நச்சுப்பொருளைக் கொல்கத்தாவில் 1959-இல் கண்டறிந்து உலகுக்கு உணர்த்தியவர் சம்புநாத் டே. அதே இனத்தின் விப்ரியோ வல்னிஃபிகஸ், வெதுவெதுப்பான கடல்நீரிலிருந்து காயத்தின் வழியே உடலுக்குள் புகக்கூடியது. பெரும்பாலோருக்கு இத்தொற்று வருவதில்லை. ஆயினும் கல்லீரல் நோய், நீரிழிவு, எதிர்ப்பாற்றல் குறைவு உள்ளோருக்கு அது உயிரையே பறிக்கலாம்.

“உப்புநீர் பட்டால் புண் ஆறிவிடும்” என்னும் நம்பிக்கை நம் கரையில் இன்றும் உண்டு. இந்த நோய்கள் உள்ளோர் அதை நம்பலாகாது. ஆறாத புண்ணுடன் கடலில் இறங்க வேண்டாம். மீன்முள்ளோ பவளமோ நண்டுக்கொடுக்கோ கிழித்தால், குழாயில் ஓடும் நல்ல நீரிலும் சோப்பிலும் நன்கு கழுவி, டெட்டனஸ் ஊசி தேவையா என்று கேளுங்கள். காயத்தைச் சுற்றிச் சிவப்பு விரைந்து பரவினாலோ, கடும் வலி, காய்ச்சல், இரத்தம் கோத்த கொப்புளங்கள் தோன்றினாலோ, விடியும்வரை காத்திருக்க வேண்டாம். அக்கணமே மருத்துவமனைக்கு வாருங்கள். காயத்தில் கடல்நீர் பட்டதை மருத்துவரிடம் மறவாமல் கூறுங்கள். மருந்தைத் தேர்ந்தெடுக்க அந்த ஒரு செய்தி பேருதவியாகும்.

படுக்கையருகே பாடநூலுடன் அமர்ந்திருக்கும் பிள்ளை, “இதையெல்லாம் படித்து என்ன பயன்?” என்று கேட்டால், ஆய்வகத்தில் இருக்கும் தட்டின் கதையைச் சொல்லுங்கள். காத்திருக்கும் நேரமும் சற்றே சுருங்கும்.