தெஹிவளைக்குப் போகும் சகோதரிகளுக்கு

பயணம் நம் மார்க்கத்தில் சிறிய விஷயமல்ல. பயணிக்குத் தொழுகையில் சலுகை உண்டு. நோன்பில் சலுகை உண்டு. வழியில் கைப்பொருள் இழந்து தவிப்பவருக்கு ஸகாத்தில் பங்கே உண்டு. மார்க்கம் இத்தனை அக்கறை காட்டியிருக்க, கொழும்புப் பயணம் என்றதும் நம் பெண்களில் பலர் உடுப்பையும் பலகாரத்தையும் மட்டுமே கட்டுகிறார்கள். வழியும் தொழுகையும் ஆண்களின் பொறுப்பாகிவிடுகின்றன. கூட வந்தவர் கூட்டத்தில் பிரிந்துபோனால் நிற்பது எங்கே, கேட்பது யாரிடம் என்று தெரிவதில்லை.

1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது ஒரே குடும்பம் பல ஊர்களுக்குச் சிதறியது. பெரும்பாலானோர் புத்தளம் சென்றனர். வேறு சிலர் கொழும்பிலும் அதை ஒட்டிய நகரங்களிலும் தங்கினர். திரும்பி வந்தோருக்கும் வராதோருக்கும் இடையே உறவைச் சேர்ந்து நடப்பதற்கு இந்தப் பயணமே பாலம். ஆகவே வழியை அறிவதும் உறவைப் பேணுவதில் ஒரு பகுதிதான்.

வழி

அளவெட்டியிலிருந்து புறப்படுவோர் மல்லாகம் வந்தால் காங்கேசன்துறை வீதியும் ரயில் பாதையும் கிடைக்கும். 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி, 1990இல் வடக்கில் நின்றது. 2014 ஒக்டோபரில் பாதை மீண்டும் யாழ்ப்பாணத்தை எட்டியது. 2015 ஜனவரியில் காங்கேசன்துறையை எட்டியது. எந்த வண்டி எந்த நிலையத்தில் நிற்கும், எதுவரை போகும் என்பது அவ்வப்போது மாறும். முன்கூட்டியே விசாரித்து ஆசனம் பதிவுசெய்வது நல்லது.

கொழும்புக் கோட்டையில் இறங்கியபின் தெற்கே செல்லும் கரையோர வண்டி பிடிக்க வேண்டும். கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை தாண்டினால் தெஹிவளை, அடுத்தது கல்கிசை. காலையில் கூட்டமெல்லாம் கோட்டையை நோக்கி வரும். மாலையில் கோட்டையிலிருந்து வெளியே போகும். இரவு வண்டியில் வந்து காலையில் தெற்கே போகிறவர்களும், மாலையில் ஊருக்குத் திரும்பக் கோட்டைக்கு வருகிறவர்களும் இந்த நெரிசலுக்கு எதிர்த்திசையில் போகிறார்கள். பிள்ளைகளோடு செல்பவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

ஊரின் அமைப்பு

தெஹிவளை - கல்கிசை மாநகர சபை 1959இல் உருவானது. 2001 கணக்கெடுப்பிலேயே அங்கு இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். இவ்வளவு பெரிய ஊரானாலும் அமைப்பு எளிது. மேற்கே கடல்; கடலோரம் ரயில் பாதை; அதற்குக் கிழக்கே காலி வீதி. காலி வீதியை முதுகெலும்பாக வைத்துக்கொள்ளுங்கள். ஒழுங்கைகள் கடல் பக்கமும் தரைப் பக்கமும் பிரியும். மிருகக்காட்சிசாலையும் களுபோவில ஆஸ்பத்திரியும் தரைப் பக்கத்தில் உள்ளன. உறவினரிடம் விலாசம் கேட்கும்போது எந்தப் பக்கம் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கோட்டைப் பக்கமிருந்து வரும் 100, 101ஆம் இலக்க பஸ்கள் காலி வீதியில் ஓடுகின்றன. அவற்றில் வந்து இறங்கினால் தரைப் பக்கத்தில் இறங்குவீர்கள். கடல் பக்க வீடானால் வீதியைக் கடக்க வேண்டும். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, மஞ்சள் கடவையில் மட்டும் கடவுங்கள். "மெதன பஹினவா" என்றால் இங்கே இறங்குகிறேன் என்று பொருள். "கீயத" என்றால் எவ்வளவு. இந்த இரண்டு சிங்களச் சொற்களே பெரிய துணை. ஆட்டோவில் ஏறுமுன் மீற்றர் உண்டா என்று பாருங்கள். இல்லையேல் கூலியைப் பேசிக்கொள்ளுங்கள்.

தொழுகை

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீட்டர். கஸ்ருக்குரிய தூரத்தைவிட இது பல மடங்கு. ஷாபிஈ மத்ஹபின்படி லுஹர், அஸர், இஷாவை இரண்டு ரக்அத்தாகச் சுருக்கலாம். லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழலாம். சுபுஹும் மஃரிபும் சுருங்கா. போகும் நாளும் திரும்பும் நாளும் நீங்கலாக நான்கு நாட்கள் தங்க நிய்யத் செய்தால், போய்ச் சேர்ந்ததிலிருந்தே முழுமையாகத் தொழ வேண்டும். ஆஸ்பத்திரி அலுவல் இன்று முடியுமா நாளை முடியுமா என்று காத்திருப்பவருக்கு 18 நாட்கள் வரை சலுகை உண்டு. ஹனபி சகோதரிகள் தங்கள் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்க.

கிப்லாவுக்கும் அந்தக் கடலே வழிகாட்டும். கடலை நேரே நோக்கி நின்று, சற்று வலப்புறம் திரும்பினால் போதும்.

ஆண்களுக்கும் ஒரு சொல். பெண்ணைத் தனியே அனுப்பாமல் மஹ்ரமாக உடன் செல்வது உங்கள் கடமை. ஆனால் அவளை நடைபாதையில் பெட்டிக்குக் காவல் வைத்துவிட்டு, நீங்கள் மட்டும் ஜமாஅத்துக்கு ஓடினால் அவளுடைய தொழுகைக்கு யார் பொறுப்பு? எல்லாப் பள்ளிவாசல்களிலும் பெண்களுக்கு இடமிராது. இடமுள்ள பள்ளியை முன்பே கேட்டறிந்து, அவளுக்கு ஒளுவுக்கும் தொழுகைக்கும் வழிசெய்து கொடுங்கள்.

விருந்தாளியாக

அனுமதி கேட்டு, ஸலாம் சொல்லியே பிறர் வீட்டுக்குள் நுழைய வேண்டும் என்பது குர்ஆனின் கட்டளை. நகரத்து வீடுகள் சிறியவை. தண்ணீரும் அளவாக வரும். விடிந்தால் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போவார்கள். வருகையை முன்பே அறிவியுங்கள். விருந்தின் உரிமை மூன்று நாட்கள் என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். வீட்டாரைச் சிரமத்தில் தள்ளும்வரை தங்குவதையும் தடுத்தார்கள். சமையலறையில் ஒரு கை கொடுங்கள். ஊர்க் கதையோடு துஆவையும் விட்டுவாருங்கள். மீண்டும் எப்போது வருவீர்கள் என்று அவர்கள் கேட்கும் விதத்தில் விடைபெறுங்கள்.

பிரிந்த உறவுகளைச் சேர்த்துவைக்கும் பயணங்களை அல்லாஹ் நம் அனைவருக்கும் இலேசாக்குவானாக. ஆமீன்.