வரிசையில் அமர்ந்தவரின் 27 சுற்றுகள்

ஜாஸ் இசையின் வரலாறு பெரும்பாலும் குழுத் தலைவர்களின் பெயரால் எழுதப்பட்டிருக்கிறது என்றாலும், அந்த இசையைத் தாங்கி நின்றவர்கள், வரிசையாகப் போட்ட நாற்காலிகளில் அமர்ந்து, எதிரே இருக்கும் இசைத்தாளைப் பார்த்து இரவுக்கு இரவு வாசித்து வாழ்ந்த கலைஞர்களே. அவர்களுள் ஒருவரான பால் கோன்சால்வெஸ், 1956 ஜூலை 7 அன்று இரவு அமெரிக்காவின் நியூபோர்ட் ஜாஸ் விழாவில் டெனர் சாக்ஸபோனில் நிகழ்த்திய தனிவாசிப்பு, இன்றளவும் ஒரு விழா மேடை தந்த அதிர்ஷ்டமாகவே பேசப்படுகிறது. அப்படிப் பேசுபவர்கள், அந்த மேடைக்கு வருமுன் அவர் பெரிய குழுக்களில் உழைத்த ஆண்டுகளைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

பிக் பேண்ட் எனப்படும் பெரிய இசைக்குழுவில் ஏறத்தாழ 15 பேர் இருப்பார்கள். 1956இல் கோன்சால்வெஸ் வாசித்த டியூக் எலிங்டனின் குழுவில் சாக்ஸபோன் வரிசையில் 5 பேர், டிரம்பெட்டில் 4 பேர், டிராம்போனில் 3 பேர், இவர்களோடு பாஸ், டிரம்ஸ், பியானோ ஆகிய மூன்றும் இருந்தன. ஒரே வகைக் கருவிகளைக் கொண்ட வரிசைக்கு செக்‌ஷன் என்று பெயர்; அதில் அமர்ந்தவர் பக்கத்து நாற்காலிக்காரரோடு ஒரே இடத்தில் மூச்செடுத்து, ஒரே அளவில் ஒலியை ஏற்றி இறக்கி, தன் குரல் தனித்துத் தெரியாதபடி வாசிக்க வேண்டும். தனிவாசிப்புக்கு முறை வரும்போது அவர் எழுந்து முன்னால் வருவார். சில சுற்றுகள் முடிந்ததும் மீண்டும் தன் இடத்துக்குப் போய் அமர்ந்துவிடுவார். எலிங்டன் குழுவில் இதற்கு மேலும் ஒரு நுட்பம் இருந்தது. எலிங்டன் கருவிக்காக எழுதாமல் ஆளுக்காக எழுதினார். இசைத்தாளின் தலைப்பில் கருவியின் பெயருக்குப் பதிலாகக் கலைஞரின் பெயரே பெரும்பாலும் இருக்கும். ஒருவர் குழுவை விட்டுப் போய்விட்டால், புதிதாக வருபவர் இன்னொருவரின் பெயர் எழுதிய தாளைப் பார்த்து வாசிக்க வேண்டியிருக்கும். அந்தப் பெயரை வெல்வது எத்தனை கடினம் என்பதை, அப்படி ஒரு தாளின் முன் அமர்ந்தவர் மட்டுமே அறிவார்.

கோன்சால்வெஸ் அத்தகைய இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார். 1920இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிராக்டன் நகரில், மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பாலுள்ள கேப் வெர்டே தீவுகளை வேராகக் கொண்ட குடும்பத்தில் பிறந்து, சிறுவயதில் கிதார் வாசித்தவர், பின்னர் சாக்ஸபோனுக்கு மாறி, 1940களின் பிற்பகுதியில் கவுன்ட் பேஸியின் குழுவிலும், அதையடுத்து டிஸ்ஸி கில்லெஸ்பியின் பெரிய குழுவிலும் பணிபுரிந்தார். பேஸியின் குழு தாளம் சார்ந்தது. சிறிய சொற்கட்டு ஒன்றைத் திரும்பத் திரும்ப வாசித்தே அவையை ஆட வைக்கும் கலையை அங்கே கற்கலாம். கில்லெஸ்பியின் குழுவோ, சிக்கலான ஸ்வர அடுக்குகளும் விரைந்த நடையும் கொண்ட பீபாப் என்னும் புதுப்பாணியின் பள்ளி. இவ்விரண்டையும் கற்று 1950இல் எலிங்டனிடம் வந்தபோது, அக்குழுவின் முன்னாள் டெனர் கலைஞர் பென் வெப்ஸ்டரின் புகழ்பெற்ற தனிவாசிப்புகள் அவருக்கு மனப்பாடமாக இருந்தன. அடுத்தவர் தாளில் தொடங்கி, மெல்ல மெல்ல அதில் தன் குரலை எழுதிக்கொண்டார். நேராகப் போக வேண்டிய ஸ்வரத்துக்குச் சுற்றுவழியில் போய்ச் சேரும் நடையும், மூச்சுக் கலந்த மென்மையான நாதமும் அவருக்கே உரியவை.

அவர் சேர்ந்த காலம் பெரிய குழுக்களுக்கு நல்ல காலமன்று. 15 பேருக்குச் சம்பளமும் பயணச் செலவும் கொடுத்து ஊர் ஊராகச் செல்வது கட்டுப்படியாகாமல் பல குழுக்கள் கலைந்தன. எலிங்டன் தன் பாடல்களின் உரிமைத்தொகையைப் போட்டே குழுவைக் காப்பாற்றி வந்தார். 1955 கோடையில் நியூயார்க்கில் நீர்விளையாட்டுக் காட்சி ஒன்றுக்குப் பின்னணி வாசிக்கும் நிலைக்கு அக்குழு வந்திருந்தது. அமெரிக்காவின் தலைசிறந்த இசைக்குழு நீச்சல்காரர்களுக்குத் துணை வாசித்த அந்தக் கோடைக்கு அடுத்த கோடையில்தான் நியூபோர்ட் விழா நடந்தது.

ரோட் ஐலண்ட் மாநிலத்தில், செல்வந்தர்கள் கோடை கழிக்கும் கடற்கரை நகரமான நியூபோர்ட்டில், ஜார்ஜ் வீன் என்பவர் 1954இல் இவ்விழாவைத் தொடங்கினார். புகையும் பேச்சும் நிறைந்த இரவு விடுதிகளிலும் நடன அரங்குகளிலும் வாழ்ந்த ஜாஸை, திறந்தவெளியில் ஆயிரக்கணக்கானோர் நாற்காலியில் அமர்ந்து கேட்கும் கச்சேரியாக மாற்றியதில் இதற்குப் பெரும்பங்கு உண்டு. கேட்பவருக்கு விழா என்பது ஒரே இரவில் பலரைக் கேட்கும் வாய்ப்பு. வாசிப்பவருக்கோ அது நீண்ட காத்திருப்பு, ஒலிபெருக்கிகளோடு போராட்டம், முன்பின் பழகாத மேடை. அன்றைய இரவிலும் அதுவே நடந்தது. உறுப்பினர்கள் சிலர் வந்து சேராத நிலையில் எலிங்டன் குழு தொடக்கத்தில் சிறிது நேரம் மட்டும் வாசித்துவிட்டு இறங்கியது. மற்றக் குழுக்கள் வாசித்து முடிக்கும்வரை மணிக்கணக்கில் காத்திருந்து, நள்ளிரவு நெருங்கும் வேளையில், அவையில் சிலர் வீடு திரும்பத் தொடங்கியிருந்தபோது மீண்டும் மேடையேறியது.

விழாவுக்கென்றே புதிதாக எழுதிய தொகுப்பை வாசித்து முடித்த பிறகு, எலிங்டன் 1937இல் எழுதிய ‘டிமினுயெண்டோ அண்ட் கிரெசெண்டோ இன் ப்ளூ’ என்ற பழைய உருப்படியை எடுத்தார். ஒலி படிப்படியாகத் தணியும் முதல் பாகம், படிப்படியாக உயரும் இரண்டாம் பாகம் என்று அது இரு பாகங்களைக் கொண்டது. இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை டெனர் சாக்ஸபோனால் நிரப்பும் வழக்கத்தை கோன்சால்வெஸும் எலிங்டனும் 1950களின் தொடக்கத்திலேயே விடுதிக் கச்சேரிகளில் முயன்று பார்த்திருந்தனர். ஆகவே நியூபோர்ட் அவைக்கு அது புதிதே தவிர, வாசித்தவருக்குப் புதிதன்று.

ப்ளூஸ் என்னும் வடிவம் 12 தாள அளவுகளில் ஒரு சுற்று முடிந்து மீண்டும் தொடங்குவது. கர்நாடக இசைக்குப் பழகிய காது அதை நீண்டதோர் ஆவர்த்தனமாக எண்ணிக்கொள்ளலாம். இந்தச் சுற்றுக்கு கோரஸ் என்று பெயர். ஜாஸ் கலைஞர் வழக்கமாகச் சில கோரஸ்களில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு அமர்வார். கோன்சால்வெஸ் அன்று 27 கோரஸ்கள், அதாவது 324 தாள அளவுகள், ஆறு நிமிடங்களுக்கும் மேலாக நிறுத்தாமல் வாசித்தார். பின்னால் பாஸில் ஜிம்மி உட், டிரம்ஸில் சாம் உட்யார்ட் இருவரும் நடையைக் கொஞ்சமும் தளரவிடவில்லை. மேடையோரத்தில் நின்ற பேஸி குழுவின் பழைய டிரம்ஸ் கலைஞர் ஜோ ஜோன்ஸ், சுருட்டிய செய்தித்தாளால் மேடை விளிம்பில் தட்டித் தாளம் கொடுத்தார். கறுப்பு உடையணிந்த பெண்ணொருவர் எழுந்து ஆடத் தொடங்க, அவரைச் சுற்றிக் கூட்டம் எழுந்தது. சில நிமிடங்களில் ஏறத்தாழ 7,000 பேர் கொண்ட அவையே ஆரவாரித்தது.

இந்த ஒலிப்பதிவைக் கவனித்துக் கேட்பவருக்கு வியப்பளிப்பது, அதில் வித்தை காட்டல் மிகக் குறைவு என்பதே. உச்சஸ்தாயி அலறல்களை நம்பாமல், நடு ஸ்தாயியில் சிறுசிறு சொற்கட்டுகளை எடுத்து, திருப்பி, வெட்டி, ஒரு சுற்றின் முடிவில் நிறுத்தாமல் அடுத்த சுற்றின் தொடக்கத்துக்குள் இழுத்துச் சென்று அவர் வாசிக்கிறார். ஒவ்வொரு கோரஸும் முந்தையதைவிட இம்மியளவே கூடுதலாகத் தருகிறது. நடன அரங்குகளில் ஆடுபவர்களின் கால்களைப் பார்த்துப் பார்த்து வாசித்தவருக்கே கைவரும் பொறுமை அது. எலிங்டன் பியானோவிலிருந்து உற்சாகக் குரல் எழுப்புவதும் பதிவில் கேட்கிறது. முடிவில் குழு முழுவதும் இரண்டாம் பாகத்துக்குள் பாய்ந்தபோது, கேட் ஆண்டர்சனின் டிரம்பெட் அனைத்துக்கும் மேலே ஏறி நின்றது. கலவரமாகிவிடுமோ என்று அஞ்சிய வீன் கச்சேரியை முடிக்கும்படி சைகை காட்ட, எலிங்டனோ நிறுத்தினால்தான் ஆபத்து என்று உணர்ந்தவராக, குழுவின் சாக்ஸபோன் கலைஞர் ஜானி ஹாட்ஜஸை எழுப்பி அமைதியான உருப்படியொன்றை வாசிக்கச் செய்து அவையை ஆற்றினார்.

அடுத்த மாதமே எலிங்டனின் முகம் ‘டைம்’ இதழின் அட்டையில் வந்தது. கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட நியூபோர்ட் இசைத்தட்டு அவருடைய தட்டுகளிலேயே மிக அதிகமாக விற்றது. கோன்சால்வெஸுக்குக் கிடைத்தது வேறொன்று: அதற்குப் பின் எங்கே போனாலும் அவை அந்த நீண்ட வாசிப்பையே கேட்டது. உள்ளூர அவர் மெதுநடைப் பாடல்களின் கலைஞர். மேடையிலிருந்து இறங்கி மேசை மேசையாக நடந்து, எதிரில் இருப்பவருக்கென்றே வாசிப்பது போல் வாசிக்கும் அவருடைய பழக்கத்தைப் பார்த்து, ‘உலாவும் வயலின்கள்’ என்று எலிங்டன் அவருக்குச் செல்லப்பெயர் வைத்திருந்தார். மதுவும் போதைப்பொருளும் அவர் உடலைக் கரைத்தன. சில இரவுகளில் மேடையிலேயே உறங்கிவிடுவார். எலிங்டன் அவரைக் கைவிடவில்லை. அமெரிக்க அரசு 1963இல் அனுப்பிய சுற்றுப்பயணத்தில் மேற்காசியா, இந்தியா, இலங்கை எனப் பல நாடுகளில் குழு வாசித்தது; சென்னையும் கொழும்பும் அப்பயணப் பட்டியலில் இருந்தன. அந்த அனுபவத்திலிருந்து பிறந்த ‘ஃபார் ஈஸ்ட் சூட்’ தொகுப்பில் ‘மவுன்ட் ஹாரிசா’ என்ற பகுதியை எலிங்டன் அவருடைய டெனருக்காகவே ஒதுக்கினார். பலர் மறந்துவிட்ட அந்த வாசிப்பு, நியூபோர்ட்டைவிட அவரை நெருக்கமாகக் காட்டுகிறது.

1974 மே 15 அன்று கோன்சால்வெஸ் லண்டனில் இறந்தார். நியூயார்க்கில் நோயுற்றுக் கிடந்த எலிங்டன் தாங்கமாட்டார் என்று அஞ்சிச் செய்தியை அவரிடம் சொல்லாமல் மறைத்தார்கள். ஒன்பது நாள் கழித்து அவரும் இறந்தார்.

நியூபோர்ட் இரவில் நடந்த ஒரு பிழையையும் இங்கே சொல்ல வேண்டும். மேடையில் கொலம்பியா நிறுவனத்தின் மைக்கும், ‘வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா’ வானொலியின் மைக்கும் தனித்தனியே இருந்தன. எழுந்து வந்த கோன்சால்வெஸ் வானொலியின் மைக்குக்கு முன்னால் போய் நின்று வாசித்தார். அதனால் விற்பனைக்கு வந்த தட்டில், அதைப் புகழ்பெறச் செய்த வாசிப்பே சற்றுத் தொலைவில் கேட்டது. வேறு சில பகுதிகளோ பின்னர் ஸ்டூடியோவில் மீண்டும் வாசிக்கப்பட்டுக் கைத்தட்டலோடு சேர்க்கப்பட்டன. 1996இல் வானொலியின் நாடா அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டு, இரு பதிவுகளும் இணைக்கப்பட்டு 1999இல் வெளிவந்தபோது, 43 ஆண்டுகளுக்குப் பின் அந்த 27 சுற்றுகளும் அவர் எதிரே நின்று வாசிப்பது போல் தெளிவாகக் கேட்டன.