பேட்டரி வாங்கும் முன் ஒரு கணக்கு

2012ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் தேதி. வட இந்தியாவிலும், கிழக்கிலும், வடகிழக்கிலும் ஒரே நேரத்தில் மின்சாரம் நின்றது. ரயில்கள் நடுவழியில் நின்றன. சுமார் 60 கோடி மக்கள் வாழும் பகுதி அது. முதல் நாள்தான் வடக்கே ஒரு முறை நின்று திரும்பியிருந்தது.

அவ்வளவு பெரிய மின்தடை அபூர்வம். சிறிய மின்தடை அபூர்வம் அல்ல. மே மாத வெயிலில் டிரான்ஸ்பார்மர் பழுதாகும். புயல் காற்றில் கம்பி அறுந்து விழும். ஒரு மணி நேரம் என்பார்கள். மூன்று மணி நேரம் ஆகும்.

அதனால்தான் வீட்டில் இன்வெர்ட்டர் வைக்கிறார்கள். இது வசதியானவர் வீட்டுப் பொருள் என்ற காலம் போய்விட்டது. தையல் மெஷின் வைத்துப் பிழைப்பவர் வாங்குகிறார். சிறு கடைக்காரர் வாங்குகிறார். பிள்ளை பத்தாம் வகுப்புப் படிக்கிறது என்று வாங்குகிறார்கள். ஒன்றிரண்டு மாத வருமானம் இதில் போய்விடுகிறது. பலர் தவணைக்கு வாங்குகிறார்கள். பொருந்தாத பேட்டரி என்றால் ஒன்றரை வருடத்தில் செத்துவிடும். தவணை மட்டும் பாக்கி இருக்கும்.

இன்வெர்ட்டர் வேறு, பேட்டரி வேறு

பேட்டரி என்பது தொட்டி மாதிரி. மின்சாரம் இருக்கும்போது நிரம்பும். இல்லாதபோது அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பேட்டரியில் இருப்பது 12 வோல்ட். வீட்டு விளக்குக்கும் மின்விசிறிக்கும் வேண்டியது 230 வோல்ட். அதை மாற்றிக் கொடுக்கும் பெட்டிதான் இன்வெர்ட்டர். மின்சாரம் திரும்பி வந்ததும் பேட்டரியை நிரப்புவதும் அதுதான்.

விலையில் பெரும்பங்கு பேட்டரிக்குப் போகிறது. முதலில் தேய்ந்து போவதும் பேட்டரிதான். கடையில் இன்வெர்ட்டரின் பளபளப்பைக் காட்டுவார்கள். யோசிக்க வேண்டியது பேட்டரியைப் பற்றி.

கணக்கு வீட்டில் தொடங்குகிறது

கடைக்காரர் "வீட்டில் எத்தனை அறை?" என்று கேட்பார். அது சரியான கேள்வி அல்ல. "மின்சாரம் போனால் எதெது ஓட வேண்டும்? எத்தனை மணி நேரம்?" என்பதுதான் கேள்வி. இதற்குப் பதில் வீட்டில் உள்ளவர்களுக்குத்தான் தெரியும்.

ஒவ்வொரு சாமானிலும் எத்தனை வாட்ஸ் என்று எழுதியிருக்கும். பழைய வகை மின்விசிறி ஏறக்குறைய 75 வாட்ஸ். எல்.இ.டி. பல்பு 9 வாட்ஸ். ஒரு தாளில் எழுதிக் கூட்ட வேண்டும். ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம்.

இரண்டு மின்விசிறி: 150 வாட்ஸ்.
நான்கு பல்பு: 36 வாட்ஸ்.
செல்போன் சார்ஜ் செய்ய: 14 வாட்ஸ்.
மொத்தம் 200 வாட்ஸ்.

மூன்று மணி நேரம் ஓட வேண்டும் என்றால் 200ஐ மூன்றால் பெருக்க வேண்டும். 600 வருகிறது. ஆனால் இன்வெர்ட்டர் தன் வேலைக்குக் கொஞ்சம் மின்சாரத்தைத் தின்றுவிடும். ஐந்தில் ஒரு பங்கு அப்படிப் போகும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே பேட்டரி 750 கொடுத்தால்தான் வீட்டுக்கு 600 கிடைக்கும்.

இத்துடன் கணக்கு முடிவதில்லை. ஈயப் பேட்டரியை அடிமட்டம் வரை காலி செய்யக் கூடாது. தினமும் அப்படிச் செய்தால் சீக்கிரம் கெடும். பாதிதான் எடுக்க வேண்டும், பாதி உள்ளேயே இருக்க வேண்டும். அப்படிப் பழக்கினால் நீண்ட நாள் உழைக்கும். ஆகவே 750ஐ இரட்டிப்பாக்கினால் 1,500. அதைப் பேட்டரியின் 12 வோல்ட்டால் வகுத்தால் 125.

இந்த 125தான் ஏ.எச். என்னும் அளவு. பேட்டரி எவ்வளவு பிடிக்கும் என்பதைச் சொல்லும் எண் அது. கடையில் 100, 150, 200 என்று விற்பார்கள். இந்த வீட்டுக்கு 150 போதும். 200 வேண்டியதில்லை.

இதே வீட்டில் மின்விசிறியை மாற்றினால் என்ன ஆகும்? பி.எல்.டி.சி. என்று ஒரு வகை மின்விசிறி வந்திருக்கிறது. அது 30 வாட்ஸ் அளவில் ஓடுகிறது. இரண்டு விசிறிக்கு 60தான். மொத்தம் 110 வாட்ஸ். அதே 150 ஏ.எச். பேட்டரி, அதே பாதிக் கணக்கில், ஆறு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். பெரிய பேட்டரி வாங்குவதை விட விசிறியை மாற்றுவது நல்லது. மாதா மாதம் கரண்ட் பில்லும் குறையும். பேட்டரி விற்கும் கடையில் இதைச் சொல்ல மாட்டார்கள்.

எதை இணைக்கக் கூடாது?

இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் சூடாக்கும் கீசர், தண்ணீர் மோட்டார், கிரைண்டர். இவை பேட்டரியைச் சீக்கிரம் வற்ற வைக்கும். மோட்டார் உள்ள சாமான் கிளம்பும்போது, ஓடும்போது எடுப்பதைப் போலப் பல மடங்கு இழுக்கும்.

ஃபிரிட்ஜும் அப்படித்தான். அதற்குள் இன்சுலின் இருக்கிறது, என்ன செய்வது? கதவைத் திறக்காமல் இருந்தால் ஃபிரிட்ஜ் சுமார் நான்கு மணி நேரம் குளிர் தாங்கும். பெரும்பாலான மின்தடைக்கு அது போதும்.

மூச்சுத் திணறல் உள்ளவருக்கு ஆக்சிஜன் தயாரித்துத் தரும் கருவி இருந்தால் நிலைமை வேறு. அது 300 வாட்ஸுக்கு மேலும் எடுக்கலாம். அது எழுதப்பட்டிருக்கும் தகட்டைப் படித்து அதற்குத் தனிக் கணக்குப் போட வேண்டும். பேட்டரியை மட்டும் நம்பக் கூடாது. நிரம்பிய ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று வீட்டில் தயாராக இருக்க வேண்டும். எவ்வளவு நேரத்துக்கு வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

எந்த வகைப் பேட்டரி?

ஈயப் பேட்டரி பழையது. 1859இல் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி கஸ்டன் பிளான்டே இதை உருவாக்கினார். உள்ளே ஈயத் தகடுகள். அவற்றைச் சுற்றித் தண்ணீர் கலந்த கந்தக அமிலம். இதில் இரண்டு வகை. தட்டைத் தகடு உள்ளது விலை குறைவு. அடிக்கடி காலியாகி நிரம்பும் வேலைக்கு அது தாங்காது. டியூபுலர் என்னும் குழாய்த் தகடு வகை விலை கூடுதல், உழைப்பும் கூடுதல். தினமும் மின்சாரம் போகும் ஊரில் டியூபுலர்தான் வாங்க வேண்டும். மாதத்தில் இரண்டு நாள், அதுவும் அரை மணி நேரம் போகும் ஊரில் தட்டைத் தகடே போதும்.

இன்னொன்று லித்தியம் பேட்டரி. வீட்டுக்கு ஏற்றது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்ற வகை. இதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். எடை குறைவு. வேகமாக நிரம்பும். பாதியோடு நிறுத்த வேண்டியதில்லை, நூற்றில் எண்பது வரை எடுக்கலாம். அதனால் 100 ஏ.எச். லித்தியம், 150 ஏ.எச். ஈயப் பேட்டரி செய்யும் வேலையைச் செய்யும். நல்ல தயாரிப்பு 2,000 முறைக்கு மேல் நிரம்பிக் காலியாகும்.

விலைதான் தடை. எல்லா இன்வெர்ட்டரும் இதற்குப் பொருந்தாது, பழைய இன்வெர்ட்டரோடு சேர்க்கும் முன் கேட்க வேண்டும். மலைப் பகுதியில் கடுங்குளிர் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போகும்போது இதைச் சார்ஜ் செய்யக் கூடாது. பழைய வண்டிகளில் கழற்றிய செல்களைக் கோத்து மலிவாக விற்பவர்களும் உண்டு. அதைத் தொடவே வேண்டாம், தீப்பிடிக்கும் ஆபத்து அதில்தான் அதிகம்.

நாளுக்கு நான்கைந்து மணி நேரம், அதுவும் விட்டு விட்டு மின்சாரம் போகும் இடத்தில் லித்தியத்தின் கூடுதல் விலைக்குப் பலன் உண்டு. ஏனென்றால் 150 ஏ.எச். ஈயப் பேட்டரி முழுதும் காலியானால் நிரம்பப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். நிரம்பும் முன்பே அடுத்த தடை வந்துவிடும். அரைகுறையாகவே கிடக்கும் ஈயப் பேட்டரி கெட்டுப்போகும். மற்றவர்களுக்கு டியூபுலர் போதும்.

பெட்டியின் மேல் படிக்க வேண்டியவை

150 ஏ.எச். என்று பெரிதாக அச்சடித்திருக்கும். பக்கத்தில் சின்ன எழுத்தில் சி10 அல்லது சி20 என்று இருக்கும். சின்ன எழுத்தில்தான் விஷயம் இருக்கிறது. சி20 என்றால், இருபது மணி நேரம் மெதுவாக எடுத்தால்தான் அந்த 150 கிடைக்கும். சி10 என்றால் பத்து மணி நேரத்தில் எடுத்தாலும் கிடைக்கும். வீட்டிலோ மூன்று நான்கு மணி நேரத்தில் எடுக்கிறோம். வேகமாக எடுத்தால் கிடைக்கும் அளவு குறையும். ஆகவே ஒரே விலையில் இரண்டு 150 இருந்தால் சி10 போட்டதை எடுக்க வேண்டும்.

அடுத்தது தயாரித்த மாதம். பல மாதங்கள் கடையில் சார்ஜ் செய்யாமல் கிடந்த ஈயப் பேட்டரி பாதிக் கிழவன். புதிதாக வந்ததைக் கேட்டு வாங்க வேண்டும்.

பிறகு உத்தரவாத அட்டை. 36+24 என்று எழுதியிருக்கும். 60 மாதம் உத்தரவாதம் என்று விற்பவர் சொல்வார். அது முழு உண்மை அல்ல. முதல் 36 மாதத்தில் கெட்டால் இலவசமாக வேறு பேட்டரி தருவார்கள். அடுத்த 24 மாதத்தில் கெட்டால் புதிய பேட்டரியின் விலையில் ஒரு பகுதியைத் தள்ளித் தருவார்கள், மீதியைக் கொடுக்க வேண்டும். முன்னால் உள்ள எண்தான் முக்கியம். அட்டையில் வாங்கிய தேதி, பேட்டரி வரிசை எண், கடை முத்திரை மூன்றும் இருக்கிறதா என்று கடையிலேயே படித்துப் பார்க்க வேண்டும். பில்லும் வேண்டும். பில் இல்லாமல் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்றால், பின்னால் கெட்டுப்போகும்போது கேட்க வழியில்லை. அட்டை, பில் இருந்தும் மாற்றித் தர மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம்.

இன்வெர்ட்டரில் பார்க்க வேண்டியது இரண்டுதான். ஒன்று, 700 வி.ஏ. என்று எழுதியிருந்தால் 700 வாட்ஸ் என்று நினைக்கக் கூடாது. நூற்றுக்கு எண்பது என்று வைத்துக்கொள்ளலாம், அதாவது 560 வாட்ஸ் அளவு. இரண்டு, சைன் வேவ் வகையா, ஸ்கொயர் வேவ் வகையா என்று கேட்க வேண்டும். ஸ்கொயர் வேவ் மலிவு. ஆனால் மின்விசிறி உர்ரென்று சத்தம் போடும், மோட்டார் சூடாகும். சைன் வேவ் நல்லது.

கூரையில் சூரியத் தகடு இருக்கிறதே, பேட்டரி எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூரிய வீடு திட்டத்துக்குப் பிறகு இந்தக் கேள்வி அதிகம். பெரும்பாலான கூரைத் தகடுகள் மின்வாரியக் கம்பியோடு இணைந்தவை. கம்பியில் மின்சாரம் நின்றால் அவையும் தானாக நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் தொழிலாளிக்கு ஷாக் அடிக்காமல் இருக்க இந்த ஏற்பாடு. நல்ல வெயிலிலும் வீட்டில் மின்சாரம் இருக்காது. அப்போதும் ஓட வேண்டும் என்றால் பேட்டரியோடு சேர்ந்த ஏற்பாடு தேவை.

வீட்டில் எங்கே வைப்பது?

காற்று வரும் இடத்தில் வைக்க வேண்டும். ஈயப் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளியே வரும். அது தீப்பற்றும். ஆகவே மூடிய அலமாரி கூடாது, படுக்கும் அறை கூடாது, சாமி விளக்குப் பக்கம் கூடாது, அடுப்புப் பக்கமும் கூடாது. தண்ணீர் அளவு பார்க்கத் தீக்குச்சி கொளுத்திக்கொண்டு குனியவே கூடாது. வெயிலும் ஆகாது, சூடு ஏற ஏற ஆயுள் குறையும். குழந்தைகளுக்கு எட்டக் கூடாது.

ஈயப் பேட்டரியின் தண்ணீர் அளவை மாதம் ஒரு முறை பார்க்க வேண்டும். குறைந்தால் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரில் உப்பு இருக்கும், தகடு பாழாகும். ஆசிட் ஊற்றவே கூடாது. ஆசிட் ஆவியாவதில்லை, குறைவது தண்ணீர்தான். "கொஞ்சம் ஆசிட் ஊற்றினால் பவர் ஏறும்" என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம்.

ஆசிட் கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். பதினைந்து நிமிடத்துக்குக் குறையாமல் கழுவ வேண்டும். பிறகு மருத்துவமனைக்குப் போக வேண்டும். துணியில் பட்டால் துணியைக் கழற்றிவிட வேண்டும்.

வயரிங் வேலை செய்பவர் வரும்போது இன்வெர்ட்டரையும் அணைக்க வேண்டும். தெருவில் மின்சாரம் இல்லை என்று நம்பி வயரைத் தொடுவார்கள். வீட்டுக்குள் இன்வெர்ட்டர் 230 வோல்ட் அனுப்பிக்கொண்டிருக்கும். ஆளைக் கொல்ல அது போதும்.

பழைய பேட்டரி எங்கே போகிறது?

பழைய ஈயப் பேட்டரிக்கு விலை உண்டு. அதனால் வாசலிலேயே வாங்க ஆள் வருவார். சில இடங்களில் அதைத் திறந்தவெளியில் உடைத்து, ஆசிட்டை மண்ணில் கொட்டி, ஈயத்தை உருக்குகிறார்கள். அந்தப் புகையும் தூசியும் பக்கத்து வீட்டுக் குழந்தைகளின் உடம்பில் சேர்கிறது. ஈயம் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் இரத்தத்தில் கவலைப்படும் அளவுக்கு ஈயம் இருக்கிறது என்று ஐ.நா. குழந்தைகள் நிதியம் 2020இல் சொன்னது. முறையில்லாமல் பேட்டரி உருக்குவதும் அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்றது.

2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பழையதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுக்கலாம். அதற்கான தொகையைப் புதியதன் விலையில் கழிப்பார்கள். எவ்வளவு கழித்தார்கள் என்பதைப் பில்லில் தனி வரியாக எழுதித் தரச் சொல்ல வேண்டும்.